கம்பமும் கச்சேரியும்

2022ஆம் ஆண்டு ஜூலை 28, வியாழக்கிழமை, ஆடி அமாவாசை. சங்ககிரியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பவானி கூடுதுறைக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போகிறவர்கள் விடியுமுன் பஸ் ஏறுகிற நாள். அன்று மாலை சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் 44ஆவது செஸ் ஒலிம்பியாடின் தொடக்க விழா நடந்தது. அதற்காகச் சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் ஆகிய நான்கு மாவட்டங்களுக்கும் அரசு உள்ளூர் விடுமுறை விட்டிருந்தது. நம் பக்கத்தில் ஆடி மாதத்து உள்ளூர் விடுமுறை என்றால் சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழாவும் ஆடிப்பெருக்கும்தான் நினைவுக்கு வரும். ஒரு விளையாட்டுப் போட்டிக்கு, அதிலும் ஆட்டக்காரர்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்து ஆடுகிற ஒன்றுக்கு, நோம்பிக்கு விடுவதுபோல லீவு எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் தப்பில்லை. ஆனால் விடுமுறை விட்டவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, விஷயத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. சர்வதேசப் போட்டிகளின் தொடக்க விழா அடிப்படையில் ஒரு நோம்பி சாட்டுதல். அந்தக் கண்ணோடு பார்த்தால் அதில் கலை எங்கே இருக்கிறது, வெறும் ஆடம்பரம் எங்கே இருக்கிறது என்பது விளங்கும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

கொங்குச் சீமை மாரியம்மன் நோம்பியை எடுத்துக்கொள்வோம். பூச்சாட்டில் தொடங்கும். பிறகு மூன்று கிளையாகப் பிரியும் மரக்கவை ஒன்றைக் கொண்டுவந்து அம்மன் சன்னிதி முன் கம்பமாக நடுவார்கள். பெண்கள் நாள்தோறும் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து அதற்கு ஊற்றுவார்கள், இரவில் இளவட்டங்கள் பறைக்கு அதைச் சுற்றி ஆடுவார்கள். காப்புக் கட்டியாகிவிட்டால் ஊருக்கே ஒரு கட்டுப்பாடு வந்துவிடும். வெளியூர் போனாலும் இரவு தங்காமல் திரும்ப வேண்டும் என்பது பல ஊர்களில் இன்றும் எழுதாத சட்டம். காவிரிக்கு நடந்து போய்த் தீர்த்தக்குடம் எடுத்துவருவார்கள். பூவோடு, மாவிளக்கு, பொங்கல் என்று அது வளர்ந்து, கம்பத்தைப் பிடுங்கித் தண்ணீரில் விடுவதோடும் மஞ்சள் நீராட்டோடும் முடியும். இதற்கு நடுவே ஒரு ராத்திரி மேடை போட்டு, சீரியல் லைட் கட்டி, கச்சேரி வைப்பார்கள். கம்பத்துக்கும் கச்சேரிக்கும் ஒரே தலைக்கட்டு வரியிலிருந்துதான் பணம் போகிறது, கச்சேரிக்குப் பல மடங்கு அதிகமாகவே போகிறது. ஆனாலும் கச்சேரி மழையில் நின்றுபோனால் நோம்பி நின்றுவிட்டதாக எந்த ஊரும் சொல்வதில்லை. கம்பம் நடாவிட்டால் நோம்பியே இல்லை.

ஒலிம்பிக்கின் தொடக்க விழாவிலும் இதே இரண்டு அடுக்குகள் உண்டு. எந்த நாடு நடத்தினாலும் மாற்ற முடியாத கம்பப் பகுதி ஒன்று: நாடுகளின் அணிவகுப்பு, கொடியேற்றம், வீரர்களின் உறுதிமொழி, போட்டியைத் திறந்துவைக்கும் ஒரு வாக்கியம், சுடரேற்றல். நடத்துகிற நாடு தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் கலைநிகழ்ச்சி இன்னொன்று. முதற்பகுதி முழுவதும் பழைய கிரேக்கத்திலிருந்து வந்தது என்று நினைக்கிறவர்கள் ஏராளம். உண்மையில் ஒவ்வொன்றுக்கும் பிறந்த தேதி இருக்கிறது. வீரர்கள் நாடுவாரியாக அணிவகுத்து வந்தது 1908 லண்டன் ஒலிம்பிக்கில். ஐந்து வளையக் கொடி ஏறியதும், வீரர் ஒருவர் எல்லாருக்கும் சார்பாக உறுதிமொழி எடுத்ததும் 1920இல், பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில். முதல் உலகப் போர் முடிந்து இரண்டாண்டுகூட ஆகவில்லை; போரில் நேரடியாகச் சிதைந்த நாடு அது. நேற்றுவரை போர்க்களத்தில் நின்றவர்கள் இனி விதிக்குட்பட்டு மோதுவோம் என்று பலர் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்வதற்கு ஒரு தேவை இருந்தது, சடங்கு அந்தத் தேவைக்குள் வந்து உட்கார்ந்தது. கையில் கட்டுகிற காப்பு செய்யும் வேலையும் அதுதான். சுடர் 1928 ஆம்ஸ்டர்டாமில் எரிந்தது, கிரேக்கம் முதலிலும் நடத்தும் நாடு கடைசியிலும் வரும் வழக்கமும் அங்கிருந்துதான். ஒலிம்பியாவில் சூரிய ஒளியில் பற்றவைத்த தீயைக் கைமாற்றிக் கைமாற்றி ஓடிக் கொண்டுவரும் ஏற்பாடு 1936 பெர்லினில் தொடங்கியது.

கச்சேரிப் பகுதி வீங்கியதற்குக் காரணம் தொலைக்காட்சி. அரங்கில் இருப்பவர்களுக்கு அணிவகுப்பு போதும். வீட்டில் உட்கார்ந்திருப்பவர் சேனல் மாற்றாமல் இருக்க வேறு ஏதாவது வேண்டும். 1984 லாஸ் ஏஞ்சலஸில் 84 பியானோக்களை ஒரே நேரத்தில் வாசிக்கவிட்டார்கள், முதுகில் எந்திரம் கட்டிய ஒருவர் அரங்குக்குள் பறந்து வந்து இறங்கினார். இந்தியாவிலும் கணக்கு அதே காலத்தில்தான் மாறியது. 1951 மார்ச்சில் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி 11 நாடுகளோடு, சிக்கனமாக நடந்தது. செங்கோட்டையில் சூரியக் கதிரில் பற்றவைத்த தீயை மைதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். கிரேக்கத்தை எதிர்பார்க்காமல் நம் வெயிலையே நம்பியது அந்த விழாவின் அழகு. 31 ஆண்டு கழித்து, 1982 நவம்பர் 19இல் அதே டெல்லியில் ஒன்பதாவது ஆசியப் போட்டி தொடங்கியபோது, ரவிசங்கர் இசையமைத்த வரவேற்புப் பாடல், அப்பு என்ற யானைச் சின்னம், அந்த ஆகஸ்டில்தான் நாட்டுக்கு வந்திருந்த வண்ண ஒளிபரப்பு எல்லாம் சேர்ந்துகொண்டன. அதற்குப் பின் ஒவ்வொரு நாடும் முந்தைய நாட்டைவிடப் பெரிதாக ஒன்றைக் காட்டியாக வேண்டிய கட்டாயம். பக்கத்து ஊர்க்காரன் கூட்டிவந்த ஆர்கெஸ்ட்ராவைவிடப் பெரிதாக வேண்டும் என்று விழாக் கமிட்டியில் ஒருவர் மேசையைத் தட்டுவாரே, அந்தக் கட்டாயம்தான்.

இரண்டில் எது உயிர், எது உடுப்பு என்று சோதித்துப் பார்க்கக் காலம் ஒரு வாய்ப்பைக் கொடுத்தது. கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக் 2021 ஜூலை 23இல் ஆளில்லாத இருக்கைகளுக்கு முன்னால் தொடங்கியது. 1,824 டிரோன்கள் வானில் பூமிப் பந்து வரைந்தன. கைதட்ட அரங்கில் ஊர் இல்லை. ஆனால் முகக்கவசம் போட்டுக்கொண்டு கொடியை ஆட்டியபடி வந்த சின்னஞ்சிறு நாடுகளின் வரிசைக்கு இருந்த கனம் துளியும் குறையவில்லை. 1972இல் மியூனிக்கில் கொல்லப்பட்ட இஸ்ரேலிய வீரர்களுக்கு ஒலிம்பிக் தொடக்க விழாவில் முதன்முறையாக மௌன அஞ்சலி செலுத்தியதும் அன்றுதான். கூட்டமும் கூச்சலும் இருந்திருந்தால்கூட அதைவிட ஆழமாக அது நடந்திருக்க முடியாது. நம் ஊர்ச் சான்றும் ஒன்று உண்டு. 2020 மே மாதம், முழு ஊரடங்கில், மதுரைச் சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணத்தை மட்டும் சில பட்டர்களைக் கொண்டு நடத்தி இணையத்தில் ஒளிபரப்பினார்கள். தேரோட்டம், கடைவீதி, ராட்டினம் அத்தனையும் போயின. எல்லாவற்றையும் கைவிட்டாக வேண்டிய நெருக்கடியில் எதைக் கைவிடாமல் வைத்துக்கொள்கிறோமோ அதுதான் கம்பம்.

இந்தப் பின்னணியில் சென்னை விழாவைப் பார்க்கலாம். செஸ் ஒலிம்பியாட் 1927இலிருந்து நடக்கிறது. சதுரங்கத்துக்கென்று இருக்கும் தொடக்கச் சடங்கு மிகச் சிறியது. முதல் சுற்றில் வெள்ளைக்காய் யாருக்கு என்று குலுக்கலில் எடுப்பார்கள், அவ்வளவுதான். அந்தக் குலுக்கல் எனக்கு மிகவும் பிடித்த தொடக்கச் சடங்கு. அழகுக்காக மட்டும் நடப்பதல்ல அது, மறுநாள் ஆட்டத்தை உண்மையாகவே பாதிக்கிறது. 2024 நவம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டப் போட்டி தொடங்கும்போது குகேஷுக்கு வெள்ளை விழுந்ததும் இப்படித்தான். இவ்வளவு எளிய ஆட்டத்துக்கு 2022இல் புதிதாக ஒரு ஜோதி ஓட்டம் ஏற்படுத்தினார்கள். ஜூன் 19இல் டெல்லி இந்திரா காந்தி அரங்கில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவர் அர்காடி துவோர்கோவிச் ஜோதியைப் பிரதமரிடம் கொடுக்க, அவர் விஸ்வநாதன் ஆனந்திடம் கொடுத்தார். சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டு என்பதால் 75 நகரங்கள், 40 நாட்கள். சதுரங்கம் பிறந்த மண் என்ற முறையில் இனி ஒவ்வொரு ஒலிம்பியாடுக்கும் ஜோதி இந்தியாவிலிருந்தே கிளம்பும் என்றும் ஃபிடே அறிவித்தது. கச்சேரிக்கும் குறைவில்லை. இயக்குநர் விக்னேஷ் சிவன் அமைத்த நிகழ்ச்சியில் கமல்ஹாசன் குரலில் தமிழர் வரலாறு ஒலித்தது, லிடியன் நாதஸ்வரம் பியானோ வாசித்தார். வேட்டி சட்டை போட்டுக் கைகூப்பி நின்ற குதிரைத் ‘தம்பி’யைப் பிள்ளைகள் விரும்பினார்கள், நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களானது. ரஷ்யாவில் நடக்கவேண்டிய போட்டி உக்ரைன் மீதான படையெடுப்பால் அங்கிருந்து எடுக்கப்பட்டு, மார்ச்சில் சென்னைக்குக் கிடைத்தது என்பதை நினைத்தால், நான்கரை மாதத்துக்குள் இவ்வளவும் செய்தது பெரிய காரியம்.

ஆனால் அன்று உலகச் செய்தியானது பியானோ இல்லை. தொடக்க விழா நாளிலேயே பாகிஸ்தான் போட்டியிலிருந்து விலகியது. ஜோதி ஜம்மு காஷ்மீர் வழியாகக் கொண்டுசெல்லப்பட்டதே அது சொன்ன காரணம். அவர்களுடைய அணி அதற்குள் இந்தியாவுக்கு வந்துசேர்ந்திருந்தது. பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத ஒரு சடங்கு, அது போன பாதைக்காக ஒரு நாட்டைத் திருப்பி அனுப்பும் அளவுக்குக் கனம் பெற்றுவிட்டது. இதில் வியப்பில்லை என்பது தேர் வடம் பிடித்த ஊர்களுக்குத் தெரியும். தேர் எந்தத் தெருவுக்குள் வரும், எங்கே திரும்பும் என்பதற்காக வெட்டுக்குத்து வரை போன வரலாறு தமிழ்நாட்டில் உண்டு. அர்த்தமற்ற ஒன்றின் பாதைக்காக யாரும் சண்டை போடுவதில்லை. கச்சேரியில் எந்தப் பாட்டு முதலில் என்பதற்காக ஊர் இரண்டானதாகக் கேள்விப்பட்டதுண்டா?

இங்கே ஒரு மறுப்பு வரும். இந்தச் சடங்குகள் எல்லாம் நேற்று இட்டுக்கட்டியவை, அதிலும் சுடர் ஓட்டம் ஹிட்லர் ஆட்சியின் விளம்பரத்துக்காகக் கார்ல் டீம் என்ற அமைப்பாளர் திட்டமிட்டது, அதைப் போய் மாரியம்மன் கம்பத்தோடு ஒப்பிடலாமா என்பது. பெர்லின் ஓட்டத்தின் பிறப்பு அசிங்கமானதுதான், அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனால் ஒரு சடங்கு யார் கையில் பிறந்தது என்பதைவிட, பிறகு யார் யார் கைக்கு மாறியது என்பதற்கு அதன் வாழ்வில் அதிக இடம் இருக்கிறது. 2000இல் சிட்னியில் அந்தச் சுடரைக் கடைசியாக வாங்கிக் கொப்பரையில் ஏற்றியவர் கேத்தி ஃப்ரீமன், ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண். இனத்தூய்மை பேசியவர்கள் தொடங்கிவைத்த ஓட்டம், அவர்கள் மனிதராகவே எண்ணியிராத ஒருவர் கையில் போய் முடிந்தது. இட்டுக்கட்டியது என்ற குறையும் நிற்காது. கம்பத்தையும் ஒரு நாள் ஒருவர் முதன்முதலாக நட்டுத்தான் இருப்பார், அன்றைக்கு இருந்தவர்கள் இது என்ன புதுப் பழக்கம் என்று முணுமுணுத்தும் இருப்பார்கள். தேவைக்கு ஒத்துவராத சடங்கு தானாக உதிர்கிறது என்பதற்கும் சான்று உண்டு. சமாதானத்துக்குப் புறா பறக்கவிடுவது 1920இலிருந்து இருந்த வழக்கம். 1988 சியோலில் கொப்பரை விளிம்பில் போய் உட்கார்ந்த புறாக்களில் சில, சுடரேற்றியபோது உலகம் பார்க்கக் கருகின. பிற்பாடு உயிருள்ள புறாவை விட்டுவிட்டுக் காகிதப் புறா, துணிப் புறா என்று மாறிக்கொண்டார்கள்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. அணிவகுப்பையும் உறுதிமொழியையும் மட்டும் வைத்தால் உலகத்தில் யார் பார்ப்பார்கள், கலைநிகழ்ச்சிதானே கோடிக்கணக்கானவர்களைக் கூட்டுகிறது என்பது. கூட்டுகிறது, சந்தேகமில்லை. 2008 ஆகஸ்ட் 8இல் பெய்ஜிங்கில் ஜாங் யிமோ இயக்கத்தில் 2008 பேர் ஒரே கையாக முழவு அறைந்ததைப் பார்த்தவர் மறக்கமாட்டார். அதே விழாவில் மேடையில் நின்ற சிறுமி வாயசைக்க, பாடியது வேறொரு சிறுமி என்பதும், தொலைக்காட்சியில் வந்த வாணவேடிக்கையில் ஒரு பகுதி கணினியில் வரைந்தது என்பதும் பிறகு வெளியே வந்தன. காட்சி எப்போதும் இந்த ஆசைக்கு இடங்கொடுக்கும். நான் சொல்வது கலை வேண்டாம் என்பதல்ல. தொடக்க விழாக்களில் தலைமுறை தாண்டி நிற்கும் கலை, சடங்குக்குப் பக்கத்தில் போட்ட மேடையிலிருந்து வந்ததில்லை, சடங்குக்குள்ளிருந்தே வந்தது. 1992 பார்சிலோனாவில், போலியோவால் காலில் பாதிப்புள்ள வில்லாளி அந்தோனியோ ரெபோயோ தீயம்பு எய்து சுடரேற்றினார். அம்பு கொப்பரைக்கு மேலாகக் கடந்து போகும்போது வாயு பற்றிக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள். 1996 அட்லாண்டாவில் நடுக்குவாத நோயால் ஆடும் கையோடு முகமது அலி தீப்பந்தம் பிடித்து நின்றார். அதற்கு இசையும் வேண்டியிருக்கவில்லை, நடன அமைப்பும் வேண்டியிருக்கவில்லை. கூத்தில் திரைக்குப் பின்னிருந்து வேஷம் வெளிவருகிற கணத்துக்கு எவ்வளவு உழைப்பு உண்டோ அவ்வளவு உழைப்பு இந்த ஓரிரு நிமிடங்களுக்கும் உண்டு. சுடரேற்றப் போவது யார் என்பதை அதுவரை பொத்திவைப்பதும் அந்த உழைப்பில் அடக்கம்.

அணிவகுப்பும் அப்படிப்பட்ட கலைதான், பார்க்கத் தெரிந்தால். நாடுகள் எந்த வரிசையில் வரும் என்பதை நடத்தும் நாட்டின் மொழி முடிவு செய்கிறது. சியோலில் கொரிய அரிச்சுவடிப்படி கிரேக்கத்துக்கு அடுத்து கானா வந்தது, பெய்ஜிங்கில் நாட்டின் பெயரை எழுத எத்தனை கோடு இழுக்க வேண்டும் என்ற கணக்கில் வரிசை அமைந்தது. தமிழ் நெடுங்கணக்குப்படி நிறுத்தினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் வேடிக்கை. அங்கோலா, அசர்பைஜான், அண்டோரா, அமெரிக்கா என்று தொடங்கும். ஜப்பானும் ஜெர்மனியும் கிரந்த எழுத்தில் எழுதினால் கடைசிக்குப் போய்விடும், சப்பான், செருமனி என்று எழுதுகிறவர் கையில் நடுவுக்கு வந்துவிடும். ரஷ்யா என்று எழுதினால் பின்னால் நிற்கும். உருசியா என்று எழுதினால் உக்ரைனுக்குப் பிறகு உகாண்டாவையும் உருகுவேயையும் தாண்டியதும் வந்து நிற்கும். தனித்தமிழ்ச் சண்டை சர்வதேசச் சிக்கலாகிவிடும். விளையாட்டாகச் சொன்னாலும், அரிச்சுவடி என்ற ஒரு கண்மூடி விதி வல்லரசையும் தீவையும் ஒரே கயிற்றில் கோக்கிறது என்பது சாதாரண விஷயமில்லை.

அந்த வரிசையில் ஒவ்வொரு அணியும் பேசுகிற ஒரே பேச்சு உடுத்தியிருக்கும் துணி. 2024 ஜூலை 26இல் பாரிஸில், மைதானத்தை விட்டு செயின் ஆற்றில் படகுகளில் நடந்த அணிவகுப்பில், சென்னைக்காரர் சரத் கமலும் பி.வி. சிந்துவும் மூவர்ணம் பிடித்து வந்தார்கள். இந்திய அணியின் உடையில் இக்கத் வடிவம் இருந்தது. ஆனால் அது நூலுக்குச் சாயம் கட்டி நெய்த இக்கத் இல்லை, துணிமேல் அச்சடித்தது. நாட்டில் வலுவான கண்டனம் எழுந்தது. இளம்பிள்ளை, எடப்பாடி, திருச்செங்கோடு, ராசிபுரம் என்று தறிச் சத்தத்தில் தூங்கி எழுகிற இந்தச் சமவெளிக்கு அந்தக் கண்டனத்தை விளக்கத் தேவையில்லை. நெய்ததற்கும் அச்சடித்ததற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே பள்ளிப் பிள்ளை விரலால் தடவிச் சொல்லிவிடும். அதே விழாவுக்கு மங்கோலியா கையால் பூவேலை செய்த உடையோடு வந்து உலகத்தின் பாராட்டை அள்ளிக்கொண்டு போனது. பதக்கப் பட்டியலில் எங்கோ இருக்கும் நாடு அது. பெரிய மேடைக்கும் பியானோவுக்கும் ஆகும் செலவில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது நல்ல கைத்தறி.

சடங்குக்கு இத்தனை வக்காலத்து வாங்கும்போது அதன் இருட்டுப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கே சடங்கு உண்டோ அங்கே முதல் மரியாதைத் தகராறும் உண்டு. பத்திரிகையில் யார் பெயர் மேலே, பேனரில் யார் படம் பெரிது, பரிவட்டம் யாருக்கு என்று ஊர் நோம்பியில் நடப்பது சென்னை ஒலிம்பியாடிலும் நடந்தது. விளம்பரங்களில் யார் படம் இருக்க வேண்டும் என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், குடியரசுத் தலைவர், பிரதமர் படங்களும் இடம்பெற வேண்டும் என்று தொடக்க விழா நாளன்றே உத்தரவு வந்தது. ஒலிம்பிக் சாசனம் இந்த நோய்க்கு ஒரு மருந்து வைத்திருக்கிறது. நாட்டுத் தலைவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அன்று அவர் பேசக்கூடியது, போட்டி தொடங்கியதாக அறிவிக்கும் ஒரே ஒரு வாக்கியம். அதுவும் முன்கூட்டியே எழுதி வைத்தது. 2002இல் சால்ட் லேக் சிட்டியில் ஜார்ஜ் புஷ் அதற்கு முன்னால் தன் சொந்தச் சொற்கள் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டார் என்பது இன்றுவரை மீறலாகவே குறிப்பிடப்படுகிறது. நம் மேடைகளில் ஒரு நபருக்கு ஒரு வாக்கியம் என்று விதி வந்தால் எத்தனை விழாக்கள் அரை மணியில் முடிந்துவிடும்! சடங்கு சிலரை வெளியே நிறுத்தும் என்ற குற்றச்சாட்டுக்கும் விடை விதிக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலும் ஆண் ஒருவரே கொடி பிடித்துவந்த வழக்கத்தை மாற்றி, டோக்கியோவிலிருந்து ஒரு நாட்டுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பிடிக்கலாம் என்றார்கள், மேரி கோமும் மன்பிரீத் சிங்கும் சேர்ந்து வந்தார்கள். கச்சேரியை இப்படித் திருத்த முடியாது, அது ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறப்பதால்.

சடங்கின் எடை எவ்வளவு என்று அளக்கச் சேலம் மாவட்டத்திலேயே ஓர் எடைக்கல் இருக்கிறது. பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றவர், 2021 ஆகஸ்ட் 24இல் டோக்கியோ பாராலிம்பிக் தொடக்க விழாவில் இந்தியக் கொடியைப் பிடித்து நடப்பதாக இருந்தது. விமானத்தில் உடன் வந்த வெளிநாட்டுப் பயணி ஒருவருக்குக் கொரோனா உறுதியானதால், தனக்குத் தொற்று இல்லாதபோதும் அவர் விலகியிருக்க நேர்ந்தது, தேக் சந்த் கொடி பிடித்தார். ஒரு வாரத்தில் மாரியப்பன் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார், 2024 பாரிஸில் வெண்கலமும் வாங்கினார். கொடி பிடிப்பதற்குப் புள்ளி கிடையாது, பரிசுத் தொகை கிடையாது, இரண்டு நிமிட நடை. ஆனாலும் அந்த நடை கைநழுவியது நாடு முழுவதும் தலைப்புச் செய்தியானது. அதே மாலையில் அதே அரங்கில் இன்னொன்றும் நடந்தது. காபூல் தாலிபான் கைக்குப் போய்விட்டதால் ஆப்கானிஸ்தான் வீரர்கள் வந்துசேர முடியவில்லை. அவர்கள் நாட்டுக் கொடியை ஒரு தன்னார்வலர் தனியாளாகப் பிடித்து நடந்தார். ஒரு பக்கம் ஆள் இருந்தும் அவர் கையில் கொடி இல்லை, மறுபக்கம் கொடி இருந்தும் அதன்பின் ஆட்கள் இல்லை. எந்த நடன இயக்குநரும் இதை எழுதியிருக்க முடியாது. அணிவகுப்பு என்ற மாறாத சட்டகம் இருந்ததால் அந்த வெற்றிடம் கண்ணுக்குத் தெரிந்தது.

கடைசியாகச் செலவுக் கணக்கு. 2010 அக்டோபர் 3இல் டெல்லி காமன்வெல்த் விளையாட்டுத் தொடக்க விழாவில் அரங்குக்கு மேல் மிதந்த ஹீலியம் பலூனுக்கு மட்டும் 40 கோடி ரூபாய் அளவில் ஆனதாக அப்போது பேசப்பட்டது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பின்னால் வந்த ஊழல் விவாதங்களில் அந்தப் போட்டியின் பெயர் அடிபட்டபோது பலூன் யாரையும் காப்பாற்றவில்லை. சென்னை ஒலிம்பியாடு முழுவதற்குமே தமிழக அரசு ஒதுக்கியது சுமார் 92 கோடி. 2030இல் காமன்வெல்த் போட்டி அகமதாபாதுக்கு வருகிறது, 2036 ஒலிம்பிக்குக்கும் இந்தியா கேட்டுக்கொண்டிருக்கிறது. இப்போதே யாரோ ஓர் அறையில் பலூனைவிடப் பெரிதாக என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் 2012 லண்டன் கொப்பரையை ஒருமுறை பார்ப்பது நல்லது. தாமஸ் ஹீதர்விக் வடிவமைத்த அதில் 204 செம்பு இதழ்கள். அணிவகுப்பில் ஒவ்வொரு நாட்டோடும் ஓர் இதழ் வந்தது, எல்லா இதழும் சேர்ந்து எழுந்து ஒரே சுடரானது. போட்டி முடிந்ததும் கொப்பரையைப் பிரித்து, இதழ்களை அந்தந்த நாட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். கரூர் மாரியம்மன் கம்பத்தை அமராவதியிலும் ஈரோட்டுக் கம்பங்களைக் காவிரியிலும் விட்டுவிட்டு ஊர் வீடு திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாக இராது. சென்னையில் தொடங்கிய அந்தச் சின்ன வழக்கமும் நின்றுபோகவில்லை. 2024 பிப்ரவரியில் செஸ் ஜோதி மறுபடி டெல்லியில் கைமாறி, அடுத்த ஒலிம்பியாட் நடந்த புடாபெஸ்டுக்குப் போனது. அந்தச் செப்டம்பரில் அங்கே பொதுப் பிரிவு, மகளிர் பிரிவு இரண்டின் தங்கமும் இந்தியாவுக்கு வந்தன.